செலோனியாருக்குப் பசித்தது

ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன பாப்பரசர் செலோனியார், சிப்பித்துறையில் அவருடைய திருநாளுக்குக் கொடியேறிய அன்று காலையில், கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில், நீண்ட வெள்ளை அங்கியின் ஓரமெல்லாம் உப்புப் பூத்திருக்க, தாடியில்லாத மோவாயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை முதலில் பார்த்தவன் ஏலக்கார கஸ்பார் மச்சாது. கஸ்பாருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமிருக்கவில்லை. திருநாளுக்குத் துபாயிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது, திருநாளுக்குச் சொந்தக்காரர் வரக்கூடாதா என்றுதான் நினைத்தான். இவ்வளவு காலமாக எட்டிப் பார்க்காததில்தான் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

செலோனியாரின் கதை அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ரோமாபுரியில் பாப்பரசராக இருந்தவர், சக்கரவர்த்தி சொன்ன ஏதோ ஒன்றுக்குத் தலையாட்ட மறுத்தார். அது என்னவென்று கேட்டால் மட்டும், பெரிய எடத்து விவகாரம், நமக்கெதுக்கு என்று சொல்லி நழுவிவிடுவார்கள். நோயில் கட்டிலோடு கிடந்தவரைக் கட்டிலோடு தூக்கிக் கப்பலில் ஏற்றி, உலகத்தின் கடைசியில், உப்பைத் தவிர எதுவும் விளையாத ஒரு கரையில் இறக்கிவிட்டுப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் ரொட்டி அனுப்புங்கள் என்று வருகிற போகிற கப்பல்காரர்களிடமெல்லாம் அவர் ரோமாபுரிக்குச் சொல்லியனுப்பினார். ரோமாபுரி அவருக்காகக் கண்ணீர் விட்டது, உபவாசம் இருந்தது, பாட்டுப் பூசை வைத்தது, அவர் உயிரோடு இருக்கும்போதே இன்னொருவரைப் பாப்பரசராக்கி நாற்காலியில் உட்காரவைத்து அவரையும் சேர்த்து அழச்சொன்னது, ரொட்டி மட்டும் அனுப்பவில்லை. பட்டினியில் செத்தவருக்குப் பிற்பாடு புனிதர் என்று அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்து, கன்னம் உப்பிய, தாடி வைத்த, மூன்றடுக்குக் கிரீடம் சூடிய சுரூபங்கள் செய்தார்கள். அவற்றில் ஒன்று, எந்தக் காலத்திலோ எந்த ஊருக்கோ போகவேண்டிய கப்பல் வழிதவறியதில், சிப்பித்துறைக்கு வந்து சேர்ந்தது.

பசியில் செத்தவர் காலடியில் தின்பண்டம் வைத்தால் நம் வீட்டில் பசி வராது என்று ஊர் கணக்குப் போட்டுக்கொண்டது. கொடியேறிய நாள் முதல் திருநாள் வரைக்கும் சீலாமீனும் வாழைத்தாரும் கருப்பட்டியும் காலைக் கட்டிய சேவலும் சுரூபத்தின் காலடியில் குவியும், சாயங்காலம் அத்தனையும் ஏலத்துக்குப் போகும். பணமாகத்தான் கேட்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் கிடையாது. ஒருவன் புது வலையையே விலையாக, ஏலக் கேள்வியாகச் சொல்லியிருக்கிறான், ஒருத்தி இன்னும் பிறக்காத கன்றைச் சொல்லி வாழைத்தாரை எடுத்துப் போயிருக்கிறாள். கை உயர்ந்து, அது ஏலக்காரன் கண்ணில் பட்டுவிட்டால் கேள்வி செல்லும். 'மூணு தரம்' என்று சொல்லி அவன் கைமணியை அடித்துவிட்டால் பிஷப்பான மேற்றிராணியாரே வந்தாலும் மாற்ற முடியாது. வருடம் முழுக்க சொந்த வள்ளத்தின் இன்ஜினைக்கூடத் தன் சொல் கேட்கவைக்க முடியாத கஸ்பார், அந்தத் திருநாட்களில் மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ராஜாவாக இருப்பான். அந்தக் குரலுக்காகத்தான் அவனுக்கு ஊரில் பெண் கொடுத்தார்கள் என்றும் ஒரு பேச்சுண்டு.

வள்ளத்து நிழலிலிருந்து செலோனியார் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓ, குடியை நிறுத்தும்படி மன்றாடப்பட்ட கஸ்பாரே," என்றார். "அடியேன் மிகுந்த பசியாயிருக்கிறேன். அடியேனுக்கு ஒரு அப்பம் கிடைக்கும்படி தயைசெய்ய வேண்டுமென்று உம்மை இரந்து கேட்டுக்கொள்ளுகிறேன்."

"ஆமென்," என்று சொல்லிவிட்டான் கஸ்பார். சொன்ன பிறகுதான் என்ன கேட்டார் என்பதே அவனுக்கு உறைத்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் தமிழ் கற்றுக்கொண்டது முழுக்க சிப்பித்துறைக்காரர்களின் வேண்டுதல்களைக் கேட்டுக் கேட்டுத்தான். ஆகவே அவருக்கு வேண்டுதல் தமிழைத் தவிர வேறு தமிழ் தெரியாது, ஊர்க்காரர்களையும் வேண்டுதல்களை வைத்துத்தான் அடையாளம் தெரியும். ஊர்க்காரர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த ராகத்தில், அந்த இழுப்பில் ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் அவர்கள் வாய் தானாக ஆமென் சொல்லும், அல்லது 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் பாடும்; பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழக்கம். கஸ்பார் அவரைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்கு அழைத்துப் போனபோது, கூடிவிட்ட சனத்தைப் பார்த்து, "பசியாயிருக்கிறவன்மேல் இரக்கமாயிருங்கள்," என்று அவர் கையேந்தினார். ஊரே முழங்காலில் விழுந்து, "எங்கள்மேல் இரக்கமாயிரும்," என்று பாடியது. அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், அவர்கள் திரும்பத் திரும்பப் பாடினார்கள். நல்ல பக்தியான காலையாக இருந்தது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

பங்குச்சாமியார் அமலதாஸ் நல்லவர், ஆனால் யோசனை அதிகம். அர்ச்சியசிஷ்டர்கள் மோட்சத்தில் இருக்கிறார்கள், மோட்சத்தில் பசி கிடையாது. ஆகவே பசிக்கிறது என்று சொல்லுகிறவர் அர்ச்சியசிஷ்டராக இருக்க முடியாது. அர்ச்சியசிஷ்டராக இருந்தால் அவருக்குப் பசிக்க முடியாது. முதலாவது ஆளுக்குக் கோயிலுக்குள் சோறு போடுவது தப்பு, இரண்டாவது ஆளுக்குச் சோறு தேவையில்லை. இந்த நியாயத்தை மேற்றிராணியாருக்குப் போனில் சொன்னபோது, விசாரணை முடிகிறவரைக்கும் அவரை ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம் என்று பதில் வந்தது. தண்ணீர் கொடுக்கலாம், அதில் கொள்கைப் பிரச்சினை இல்லை என்று சாமியார் தம் பொறுப்பில் தீர்மானித்துக்கொண்டார்.

மற்றதைத் திருநாள் கமிட்டி பார்த்துக்கொண்டது. கமிட்டித் தலைவர் தல்மேதா, மூன்று லாஞ்சு, அதாவது மோட்டார் படகுகளுக்குச் சொந்தக்காரர், வாயில் எப்போதும் ஏலக்காய் மெல்லுகிறவர். கல்யாண வீட்டுச் சிவப்பு நாற்காலியைக் கொண்டுவந்து சுரூபத்துக்குப் பக்கத்தில் போட்டு, அதில் செலோனியாரை உட்காரவைத்து, குனிந்து அவர் மோதிரத்தை முத்தமிட்டார்.

"ஓ, தன் தமையனுடைய லாஞ்சு கடலில் அமிழ்ந்துபோகும்படி மன்றாடிய தல்மேதாவே," என்று செலோனியார் கனிவாக ஆரம்பித்தார். "அடியேனுக்கு ஒரு அப்பம்..."

அன்று மத்தியானமே நாற்காலிக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கிகள் வந்து நின்றன. மேளக்காரர்களுக்கு ஓயாமல் அடிக்க உத்தரவானது. யாரும் மறுப்புச் சொல்லவில்லை, ஏனென்றால் சிப்பித்துறையில் தமையன் லாஞ்சை நினைக்காத ஆள்கூட, மாமியாரையோ பக்கத்து வீட்டுக் கிணற்றையோ நினைத்து மெழுகுவர்த்தி ஏற்றியவர்களாகவே இருந்தார்கள். அவர் வாயசைப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக் கும்பிட்டுக்கொள்வதுதான் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். சுரூபத்தின் காலடியில் வைத்ததுதான் இதுவரை ஏலப் பொருள். இப்போது ஆளே வந்துவிட்டதால், அவர் பார்வை பட்டதெல்லாம் ஏலப் பொருள் என்று முடிவானது. கூட்டம் குவிந்தது. பார்வை படட்டும் என்று பலகாரங்களை அவர் மூக்குக்கு நேரே கொண்டுபோய்க் காட்டுவார்கள், அவர் கண் கலங்கக் கலங்கப் பார்ப்பார், உடனே தொண்டர்கள் வாங்கி ஏலத்தட்டில் சேர்ப்பார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஒருவன் சாய்த்துவைத்த சைக்கிளைக்கூட அவர் தற்செயலாகப் பார்த்துவிட, அதுவும் போய்விட்டது. கஸ்பாரின் குரல் அந்த வருடம் போல் எந்த வருடமும் எடுத்ததில்லை. பொரித்த இறாலைத் தூக்கிப் பிடித்து, "பாப்பரசர் பாத்த எறா! வாயூறிப் பாத்த எறா!" என்று அவன் கூவினால் கோவில்பட்டி வியாபாரிகளெல்லாம் கையைத் தூக்கினார்கள். கூவும்போது மட்டும் நாற்காலிப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டான்.

வீட்டில் அவன் மனைவி மெற்றில்டா சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இங்கேருங்க. அந்தப் பெரிய மனுசனுக்கு யாராவது ஒரு வாய்ச் சோறு குடுத்தியளா?"

"அவருக்கு எதுக்குட்டி சோறு? அவரு அர்ச்சியசிஷ்டருல்லா."

"அர்ச்சியசிஷ்டருக்கு வயிறு இல்லன்னு எவன் சொன்னான்? கன்னம் ஒட்டிப்போயி கெடக்காரு. நீங்க வாய் கிழியக் கூவுதிய."

மறுநாள் அவள் ஊளிமீன் குழம்பு வைத்து, சோறு பிசைந்து, தூக்குவாளியில் மூடி, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோனாள். நாற்காலி வரைக்கும் போய்விட்டாள். மூடியைத் திறந்தாள். செலோனியார் குழம்பைப் பார்த்தார். பார்த்துவிட்டாரே, அவ்வளவுதான், தொண்டர் கை வாளியைப் பிடித்துவிட்டது. சாயங்காலம் தன் வீட்டுத் தூக்குவாளியைத் தானே தூக்கிப் பிடித்து ஏலம் விட்ட கஸ்பாரோடு மெற்றில்டா பேச்சை நிறுத்திக்கொண்டாள். வாளியாவது திரும்ப வருமா என்று அவன் கேட்டதற்கும் பதில் இல்லை.

மேளக்காரர்கள் சாப்பிடப் போன ஒரு மத்தியானத்தில், கோயிலில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, கஸ்பார் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான். செலோனியாரின் மணிக்கட்டு, கழன்று விழாமல் இருக்க நூல் சுற்றிய மோதிரம், அங்கிக்குள் ஒடுங்கிப்போன தோள் எல்லாவற்றையும் பக்கத்தில் பார்த்தான்.

"சாமி, நீங்க ரோமாபுரிக்குப் போயிருக்கலாம்லா? அங்க பெரிய எடம். இங்க ஏன் வந்திய?"

"அவ்விடத்தில் முன்னமே கேட்டுப் பார்த்தாயிற்று," என்றார் செலோனியார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இவ்விடத்தில் வருஷந்தோறும் என் காலடியில் பலகாரம் வைக்கப்பட்டது. வாசனை மாத்திரம் அடியேனிடத்தில் வந்து சேரும். வாசனை இவ்வளவு வந்தால் அப்பமும் இருக்கும் என்று விசுவசித்தேன்."

கஸ்பார் மடியில் ஒரு வறுக்கி ரொட்டி வைத்திருந்தான். அதை எடுத்தால் அவர் பார்ப்பார், பார்த்தால் அது ஏலப் பொருள், ஏலப் பொருளை ஏலக்காரன் தொட்டுக் கொடுத்தால் கடல் பொறுக்காது. முன்பு ஏலம் விட்ட அவனுடைய பாட்டனார் ஏலத்தட்டிலிருந்து ஒரே ஒரு பழத்தை உரித்து வாயில் போட்ட வருடம் ஊருக்கே மீன் படவில்லை என்று இன்னும் அவர் பேரைச் சொல்லித் திட்டுகிறார்கள்.

"கண்ண மூடிக்கிடுங்க சாமி," என்றான் கடைசியில். அவர் மூடினார். அவன் மடியில் கை வைப்பதற்குள் வாசலில் மேளம் வந்துவிட்டது, கூடவே தல்மேதாவும் வந்துவிட்டார். பின்னால் நான்கு பேர் ஒரு நீளமான கண்ணாடிப் பெட்டியை மூச்சுப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். உள்ளே சிவப்புப் பட்டு விரித்து, தலைமாட்டில் சின்னத் தலையணை வைத்திருந்தது.

"என்ன தலைவரே இது?" என்றான் கஸ்பார்.

"என்னல, தெரியாத மாதிரி கேக்க. திருநாளுங்கறது என்ன? அவரு செத்த நாளு. வந்தவரு முறைப்படி அன்னைக்குத்தானே போவாரு? நாம தயாரா இருக்கணும்லா." தல்மேதா ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "ரோமாபுரிக்கே எலும்பு கெடைக்கலன்னு கேள்வி. நமக்கு முழுசாக் கெடைக்கும். சிப்பித்துறைக்கு ரயிலு விடுவான் பாரு."

செலோனியார் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு, வாயை இலேசாகத் திறந்துவைத்துக் காத்திருந்தார். தலைவர் அதைப் பார்த்துவிட்டு, சாமி செபத்தில இருக்காரு, சத்தம் போடாதீய என்றார். கஸ்பாருக்கு அந்த இடத்திலேயே அந்தப் பெட்டியைப் போட்டு உடைக்கவேண்டும் போலிருந்தது. உடைக்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய், பேசாத மனைவிக்கு முன்னால் உட்கார்ந்து பேசாமல் அழுதான்.

திருநாள் வந்தது. பாட்டுப் பூசையில் செலோனியாருக்குத் தலை நிற்கவில்லை. இரண்டு தொண்டர்கள் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். சப்பரம் சுற்றி வந்தது. பொழுது சாயும் முன், கோயில் முற்றத்தில் கடைசி ஏலம் தொடங்கியது; நாற்காலியைத் தூக்கி மேடையில் வைத்திருந்தார்கள், மேடைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி மூடி திறந்து தயாராக இருந்தது. ஆடும் சேவலும் போய், தாரும் தேங்காயும் போய், மிச்சமிருந்தது கடைசி அப்பம். வண்டிச் சக்கரம் போல வட்டமான ஒற்றை ரொட்டி. ஒவ்வொரு வருடமும் ஒரு தெருப் பெண்கள் சுட்டுத் தருவது முறை. இந்த வருடம் கஸ்பாரின் தெரு முறை, மாவு பிசைந்தது மெற்றில்டா. யாரையும் பக்கத்தில் விடாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி, மாவைக் குத்து குத்தென்று குத்திப் பிசைந்தாள் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். கஸ்பார் அதைத் தூக்கிப் பிடித்தபோது இன்னும் சூடு இருந்தது. அதன் மணம் மேடையைத் தாண்டி நாற்காலிக்குப் போனது. செலோனியார் தலையை யாரும் பிடிக்காமல் தானே நிமிர்த்தினார்.

ஏலம் ஏறியது. வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கையை இறக்க, கடைசியில் தல்மேதா எழுந்து, முண்டாசை இறுக்கிக்கொண்டு, "என் பெரிய லாஞ்சு!" என்றார். கூட்டம் ஹோவென்றது. லாஞ்சுக்கு மேலே கேட்க அந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது.

"பெரிய லாஞ்சு, ஒரு தரம்," என்றான் கஸ்பார். குரல் ஒத்துழைக்கவில்லை. "பெரிய லாஞ்சு... ரெண்டு தரம்..."

அப்போது அவனுக்குப் பக்கத்திலேயே, சிவப்பு நாற்காலியின் கைப்பிடிக்கு மேலே, ஒரு கை உயர்ந்தது. கஸ்பாரின் கண்ணில் பட்டுவிட்டது. மைக்கை அந்த வாய்ப் பக்கம் நீட்டினான்.

"அடியேனிடத்தில் வேறொன்றுமில்லை," என்றார் செலோனியார். ஒலிபெருக்கிகள் அதை ஊருக்கெல்லாம் சொல்லின. "அர்ச்சியசிஷ்டர் பட்டம் ஒன்றுண்டு. அதைக் கேள்வியாக வைக்கிறேன். அப்பத்தை எனக்குத் தாருங்கள்."

சாமியார் அமலதாஸ் பாதி எழுந்து, இதை அனுமதிப்பதா தடுப்பதா என்று தெரியாமல் பாதியிலேயே நின்றார்.

"ஏல கஸ்பாரு, அது செல்லாதுல!" என்று தல்மேதா கத்தினார். "பட்டம் போச்சுன்னா திருநாளு ஏது? ஊருக்கு என்ன மிச்சம்? உனக்கு என்ன மிச்சம்?"

அது கஸ்பாருக்கும் தெரிந்ததுதான். இந்த மணியை அடித்தால் அடுத்த வருடம் கொடி ஏறாது, ஏலம் இருக்காது, மைக் இருக்காது, வள்ளத்து இன்ஜினோடு மல்லுக்கட்டுகிற வெறும் கஸ்பார்தான் மிச்சம். திரும்பிப் பார்க்கக் கூடாதென்று இத்தனை நாள் பிடிவாதமாக இருந்தவன் திரும்பி அவரைப் பார்த்தான். செலோனியார் அவனைப் பார்க்கவில்லை. அவர் ரொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பரசர் கேள்வி, அர்ச்சியசிஷ்டர் பட்டம்," என்று கஸ்பார் சொன்னான். "லாஞ்சுக்கு மேல. ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்." மூச்சு விடாமல் சொல்லி, தல்மேதா வாயைத் திறப்பதற்குள் மணியை அடித்துவிட்டான். பிறகு ரொட்டியைக் கொண்டுபோய் அந்த மடியில் வைத்தான்.

செலோனியார் பிய்த்தார். வாயில் போட்டார். மென்று, விழுங்கி, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி பிய்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. சனம் முழுக்க நின்ற இடத்திலேயே நின்று ஒரு கிழவர் சாப்பிடுவதைப் பார்த்தது. ஒட்டிய கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு ஏறியதையும் பார்த்தது. பொழுது முழுசாக இறங்கியும் அவர் சாகவில்லை. தல்மேதா மேடை ஏறி வந்து, முழங்காலிட்டு, கடைசி நம்பிக்கையாக, கோயிலில் வைத்துக்கொள்ள ஒரு துணுக்காவது கிடைக்குமா என்று இரண்டு கையையும் ஏந்தினார். செலோனியார் அந்தக் கைகளைப் பார்த்தார், தம் விரலில் ஒட்டியிருந்த துணுக்கைப் பார்த்தார், அதைத் தம் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

கஸ்பாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கையில் மைக் இருப்பதை மறந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டான். முற்றத்துக்கெல்லாம் கேட்டது.

செலோனியார் நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார்.

"உப்பு கூடிப்போச்சு," என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து மெற்றில்டா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"நாளைக்குக் கொறச்சுப் போடுதேன். வீட்டுக்கு வாங்க."